உப்புக்கு மேல் மிதக்கும் நல்ல தண்ணீர்

(ஜனவரி மாத ராமேஸ்வரம் குழுப் பயணத்தை முன்னிட்டு, நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம், நான் அந்தப் பக்கத்து ஆள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளி என்று ஒரு ரயில் நிலையம் வரும். அங்கிருந்து தெற்கே போனால் மன்னார் வளைகுடாக் கரையில் எங்கள் ஊர், புதுமடம். ரயிலில் போகும்போது அந்த இடத்தில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பாம்பன் பாலம் வரும்போதுதான் எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு வருவார்கள்.

எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு தரிசனம், காலைச் சாப்பாடு எங்கே என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அதைத் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. நான் பேசப்போவது தண்ணீரைப் பற்றி மட்டும். இன்றைய கூட்டத்தின் மூன்றாவது தீர்மானமும் தண்ணீர்தான். 300 அடிக்குப் புதிதாக ஒரு போர் போடுவதா, வேண்டாமா என்பது. கோயில் பயணம் ஒரு பக்கம், போர்வெல் ஒரு பக்கம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. பத்து நிமிடம் கொடுங்கள், சொல்கிறேன்.

மடமும் சத்திரமும்

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். புதுமடம், தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம். மடம், சத்திரம் என்று வரும் பெயர்கள் அந்த வழி நெடுகக் கிடைக்கும். சேதுவுக்கு யாத்திரை போகிறவர்கள் ரயிலும் பாலமும் வருவதற்கு முன்பு பல நாள் நடந்துதான் போனார்கள். அந்த வழியைக் காத்ததால்தான் ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். யாத்ரீகர்களுக்குச் சத்திரம் கட்டுவது அவர்களுடைய கடமைகளில் ஒன்று.

நடந்து வருகிறவனுக்கு முதலில் வேண்டியது இரண்டு. ஒன்று நிழல், இன்னொன்று குடிக்கத் தண்ணீர். நிழலுக்கு எங்கே வேண்டுமானாலும் கொட்டகை போடலாம். தண்ணீரை அப்படிக் கொண்டுவர முடியாது. ஆகவே நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில்தான் மடம் நிலைக்கும். இருபுறமும் கடல், நடுவில் மணல், பனை, தாழை. அப்படிப்பட்ட பூமியில் நல்ல தண்ணீர் எங்கே ஊறுகிறது என்று தெரிந்தவன்தான் ஊர் அமைத்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிப்பார்கள். குடிக்கிற நல்ல தண்ணீர், குளிக்கத் துவைக்க ஆகிற சப்பைத் தண்ணீர், எதற்கும் ஆகாத உப்புத் தண்ணீர். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மூன்று கிணற்றில் மூன்று விதமாக இருக்கும். கோடை முற்றினால் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரக் கிராமங்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சிரட்டை என்றால் சென்னையில் கொட்டாங்கச்சி. ஏன் சிரட்டை, வாளி இல்லையா என்று பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. அவசரப்பட்டு ஒரே அடியாக இறைத்தால் ஊற்று கலங்கும், உப்பும் ஏறும். சிரட்டையால் மொண்டால் மெல்ல ஊறிக்கொண்டே இருக்கும். இந்தச் சிரட்டைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

22 கிணறுகள்

இப்போது கோயிலுக்கு வருவோம். ராமநாதசுவாமி கோயில் பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்று. அதன் வெளிப்பிராகாரத்தை உலகமே அறியும். 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை அது. நீங்கள் தூண்களைப் படம் எடுப்பீர்கள், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோயிலில் என்னை அதிகம் வியக்க வைத்தது கிணறுகள்தான்.

முதலில் கிழக்கே அக்னி தீர்த்தம். அது கடல். அதில் முங்கி எழுந்து, நனைந்த துணியோடு கோயிலுக்குள் வருவீர்கள். உள்ளே 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தம், காயத்திரி தீர்த்தம், நள தீர்த்தம், நீல தீர்த்தம், சூரிய தீர்த்தம், சந்திர தீர்த்தம், கங்கை, யமுனை, கயா என்று வரிசையாகப் போய்க் கோடி தீர்த்தத்தில் முடியும். ஒன்றிரண்டு குளம், மற்றவை பெரும்பாலும் கிணறு. கிணற்று விளிம்பில் ஒருவர் நின்று கயிற்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். கடற்கரையிலிருந்து நடந்து வரும் தூரத்திலேயே அவ்வளவு கிணறுகள்.

வாயில் பட்டதைக் கவனியுங்கள். அக்னி தீர்த்தத்தில் உப்புக் கரித்த வாய், கிணற்றடியில் கரிக்காது. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு ருசி, ஒரு குளிர்ச்சி என்று பக்தர்கள் சொல்வார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஆழம் குறைந்த கிணறுகளில் உப்பில்லாத தண்ணீர். அந்த ஊரின் தலபுராணம் முழுக்க இந்த அதிசயத்தைச் சுற்றியே இருக்கிறது.

தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் என்று ஒன்று உண்டு. நேரம் இருந்தால் அவசியம் போங்கள். கரையிலிருந்து ஒரு சிறு பாலத்தில் நடந்து கடலுக்குள் போக வேண்டும். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு கிணறு. வாளி விட்டு இறைத்தால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தது, ராமர் வில்லை ஊன்றினார், தண்ணீர் வந்தது என்பது ஐதீகம். எனக்குப் பிடித்த கதை அது. போரைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ இல்லை. தாகத்தைப் பற்றிய கதை. இந்தத் தீவில் முதலில் தேட வேண்டியது தண்ணீர் என்பதைக் கதை கட்டியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

தீர்த்தம் என்பது அந்த ஊரில் ஒரு மதத்தாருடைய சொத்தாக மட்டும் இருந்ததில்லை. அப்துல் கலாம் ஐயா தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். சீதா ராமர் கல்யாண உற்சவத்தின்போது ராம தீர்த்தக் குளத்தின் நடுவே இருக்கும் இடத்துக்கு உற்சவ மூர்த்திகளைக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்வது அவருடைய குடும்பம்தான். எங்கள் ஊர் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர். பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்கிற தண்ணீரும், ராமேஸ்வரத்தில் உங்கள் தலையில் விழப்போகிற தண்ணீரும் கடற்கரை மணலில் இறங்கிய மழைதான். மணலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

ஏன் உப்புக் கரிப்பதில்லை?

இனி கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

கடற்கரை மணலில் மழை விழுந்தால் அது நேராகக் கீழே இறங்கும். கீழே என்ன இருக்கிறது? கடலிலிருந்து மணலுக்குள் பக்கவாட்டில் ஊறி வந்த உப்புத் தண்ணீர். மழைநீர் அதோடு உடனே கலந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். மணலுக்குள் அப்படி எளிதில் கலப்பதில்லை. மழைநீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடல்நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1 கிலோ 25 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. தம்ளரில் ஐஸ் கட்டி மிதப்பது போல, கொஞ்சம் மேலே, மிச்சமெல்லாம் கீழே.

எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்தில் கைபன் என்பவரும், 1901-இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது சுமார் 40 மீட்டர் வரை இறங்கி நிற்கும். ஒன்றுக்கு நாற்பது. இடத்துக்கு இடம், மண்ணுக்கு மண் கொஞ்சம் மாறும் என்றாலும் அடிப்படை இதுதான்.

கேட்க மகிழ்ச்சியான கணக்குதான். ஒரு மீட்டர் மழை சேர்ந்தால் கீழே நாற்பது மீட்டர் லாபம். ஆனால் அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மோட்டார் போட்டு உறிஞ்சி, மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழே இருக்கும் உப்பு நாளடைவில் நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். கிணறு வற்றுவதற்கு முன்பே கிணறு உப்பாகிவிடும். வற்றிய கிணறு அடுத்த மழைக்கு நிரம்பும். உப்பான கிணறு தேறப் பல மழைக்காலம் ஆகும், சிலது தேறாமலே போகும்.

இப்போது சிரட்டைக்குத் திரும்புவோம். ஊற்றில் ஏன் சிரட்டையால் மொள்ளுகிறார்கள், தீர்த்தக் கிணற்றில் ஏன் கயிற்று வாளியால் இறைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் பொருள். மேலே மிதப்பதை மட்டும் மெல்ல எடு, கீழே இருப்பதைக் கலக்காதே. கைபனும் ஹெர்ஸ்பெர்க்கும் பேனா எடுப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த விதி தெரியும். விதி என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தனுஷ்கோடி சொல்வது

பயணத்தின் இரண்டாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் வந்து அடித்துக்கொண்டு போனது. அந்த ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல் போனார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் சுவராக மிஞ்சின. குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர் அன்று இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டியவர்.

ஆனால் தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, இடையில் ஒரு மணல் நாக்கு. அங்கே எப்படிக் குடித்தனம் நடத்த முடிகிறது? மணலில் கொஞ்ச ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. இரண்டு கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நடுவில் குடிக்கத் தண்ணீர். புயல் ஊரை அழித்தது. அந்த மணலையும் அதில் இறங்குகிற மழையையும் அது அழிக்கவில்லை. அதனால்தான் ஆட்கள் திரும்பினார்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. முன்பு மணலில் தட்டுத்தடுமாறிப் போன இடத்துக்கு இப்போது வேன் போகிறது. நாம் போவதும் அந்தச் சாலையில்தான். போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது நாலாயிரம் பேர் வந்து போகும் கண்காட்சித் திடல் இல்லை, அங்கே வசிப்பவர்களின் குடிநீர்த் தொட்டி என்பது நினைவில் இருக்கட்டும். நீங்கள் நிற்கிற மணலின் கீழே அவர்களுடைய தண்ணீர் இருக்கிறது.

குழாய் வந்த பிறகு

ராமேஸ்வரம் இன்று சிறிய ஊர் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே நகராட்சியின் மக்கள் தொகை ஏறத்தாழ 45,000. இது ஊர்க்காரர்கள் மட்டும். விடுமுறையிலும் அமாவாசையிலும் வரும் கூட்டம் தனி. 1914-இல் ரயில் பாலம், 1988-இல் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் என்று ஒவ்வொரு பாலமும் கூட்டத்தைக் கூட்டியது. பாலம் ஆட்களைக் கொண்டுவரும். தண்ணீரைக் கொண்டுவர வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடும் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கான காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-இல் தொடங்கியது. திருச்சிப் பக்கத்துக் காவிரி மணலில் எடுக்கும் தண்ணீர் குழாயில் இவ்வளவு தூரம் வருகிறது. மாவட்டத்துக்கு அது பெரிய உதவி. தலையில் குடம் சுமந்த எத்தனையோ பெண்களின் கழுத்து வலி குறைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊரிலும் நடப்பது அங்கும் நடந்தது. குழாய் வந்தால் ஊருணியை மறப்போம். கிணற்றில் குப்பை விழும். குளத்தின் வரத்துக்கால் அடைபடும்.

ராமேஸ்வரம் தீவில் மொத்தம் 64 தீர்த்தங்கள் என்று சொல்வது மரபு. கோயிலுக்குள் இருக்கும் 22-க்கு ஆள் வருகிறார்கள், அதனால் பராமரிப்பும் இருக்கிறது. வெளியே இருப்பவற்றில் பல புதர் மண்டி, தூர்ந்து, இடம் தெரியாமல் கிடந்தன. விவேகானந்த கேந்திரம் 'பசுமை ராமேஸ்வரம்' என்ற திட்டத்தில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தூர்வாரிப் படிக்கட்டு கட்டிச் சீர்செய்தது. அப்படிச் சீரமைத்த ஒரு குளத்தையாவது பயணத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். அது புண்ணியக் கணக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு குளமும் மழைநீரை மணலுக்குள் அனுப்புகிற ஒரு வாசல்.

வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 20. அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 80 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அரை வருடத்து மழை ஒரே நாளில். தெருவில் வெள்ளம், வீட்டுக்குள் தண்ணீர். தண்ணீர் இல்லை என்று சொல்கிற அதே மாவட்டத்தில் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று தவித்தார்கள். இறங்க இடமிருந்தால் அது சேமிப்பு. இறங்க இடமில்லாவிட்டால் அதற்குப் பெயர் வெள்ளம்.

பயணத்தில் நாம் செய்யக்கூடியவை

நாம் 60 பேர் போகிறோம். ஒருவருக்கு ஒரு கிணற்றுக்கு ஒரு வாளி, வாளிக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 22 கிணற்றுக்கு 110 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று திட்டமிடுகிற அளவு 135 லிட்டர். அதாவது ஒரு நாள் தண்ணீரைக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் தலையில் வாங்கிக்கொள்கிறோம். வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் போகிறோம். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, இன்னொரு வாளி ஊற்றச் சொல்லி இறைப்பவரை நச்சரிக்க வேண்டாம். புண்ணியத்துக்கு ஒரு வாளி போதும்.

இரண்டு, அக்னி தீர்த்தத்தில் பழைய துணியைக் கடலில் விட்டுவிட்டு வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். துணி கரையாது, கடலின் அடியில் கிடக்கும், மீனவர் வலையில் சிக்கும். அந்தப் பாக் நீரிணைப் பக்கம் கடல்புல் வளரும் இடம். கடல்பசுக்கள் மேய்கிற புல் அது. நனைந்த துணியைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். எப்படியும் தீர்த்தமாடிய பிறகு உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனத்துக்குப் போக வேண்டும். மாற்றுத் துணியும் ஒரு பையும் ஆளுக்கொன்று கையில் இருக்கட்டும்.

மூன்று, விடுதி அறைக்குத் திரும்பியதும் மறுபடி ஷவரில் இருபது நிமிடம் நிற்க வேண்டாம். அந்தத் தண்ணீர் ஒன்று காவிரியிலிருந்து வந்தது, இல்லையென்றால் அந்தத் தீவின் மணலிலிருந்து உறிஞ்சியது. இரண்டுமே அந்த ஊர்க்காரர்களின் பங்கு.

நான்கு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். பயணக் குழு 20 லிட்டர் கேன்களை வேனில் வைக்கும், அதில் நிரப்பிக்கொள்ளலாம். தனுஷ்கோடியில் ஒரு காகித தட்டு, ஒரு சிப்ஸ் உறை கூட விட்டு வரக்கூடாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1897 ஜனவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கி, ராமேஸ்வரம் கோயிலில் பேசினார். ஏழையிடமும் பலவீனரிடமும் சிவனைக் கண்டு தொண்டு செய்கிறவனுடைய வழிபாடே உண்மையானது என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்த ஊரில் இன்று அதை எளிதாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. அவர்கள் தண்ணீரைக் கெடுக்காமல் திரும்பி வருவது.

இனி நம் மூன்றாவது தீர்மானம்

நாம் இருப்பதும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல்தான். கடல் நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது. ராமேஸ்வரத்துக்கு என்ன விதியோ அதுதான் நமக்கும். நம் கட்டடத்தின் கீழேயும் உப்புக்கு மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை சமையலறைக் குழாயில் பருப்பு வெந்தது. இப்போது வேகவில்லை என்று 'பி' பிளாக் சகோதரிகள் சொல்கிறார்கள். குளியலறைக் குழாய்களில் வெள்ளை படிகிறது. கீழிருந்து உப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இவைதான் அடையாளங்கள்.

இதற்கு 300 அடி போர் மருந்தாகுமா? நம் பகுதியில் மணல் கொஞ்ச ஆழம்தான். அதன் கீழே களிமண், பிறகு பாறை. பாறை வெடிப்பில் தண்ணீர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைத்தாலும் உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. பிற்காலத்தில் அதே மீஞ்சூரில் 2010-இலும், நம் பக்கம் நெம்மேலியில் 2013-இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. கடலிலிருந்து உப்பைப் பிரிக்க எவ்வளவு மின்சாரம், எவ்வளவு பணம்! மழையிடம் அந்த வேலையைச் சூரியன் இலவசமாகச் செய்து நம் மாடியில் கொண்டுவந்து கொட்டுகிறது.

கணக்கைச் சொல்கிறேன். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். நம் மூன்று பிளாக்குகளின் மொட்டை மாடியும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். ஒரு வருடத்தில் அதன் மேல் விழுவது 14 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 11 லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 90 லாரிக்கு மேல். அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது? மழைநீர் வடிகாலில் இறங்கித் தெருவுக்குப் போகிறது. பிறகு நாம் லாரிக்குப் பணம் கட்டுகிறோம்.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. நம் கட்டடத்திலும் உறிஞ்சுகுழிகள் இருக்கின்றன. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நான்கு மூடிகள் தெரியும், அவைதான். திறந்து பார்த்தோம். இலையும் சேறும் சிமெண்டுக் கழிவும் நிரம்பிக் கிடக்கின்றன. தூர்ந்த தீர்த்தம் மாதிரியேதான். பெசன்ட் நகரில் 1990-களிலேயே வீடு வீடாகப் போய் மழைநீரை மணலில் இறக்கச் சொன்னவர் சேகர் ராகவன். அவருடைய 'மழை இல்லம்' 2002-இல் திறக்கப்பட்டது. அவர் அன்று சொன்னதைக் கேட்ட தெருக்களும் இந்தச் சென்னையில்தான் இருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. போர் தீர்மானத்தை ஒரு மழைக்காலம் ஒத்திவையுங்கள். அதற்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து நான்கு வேலை செய்வோம். உறிஞ்சுகுழிகளைத் தூர்வாரிக் கருங்கல் ஜல்லியும் மணலும் மாற்றுவது. மாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் அவற்றோடு இணைத்து, இலையைத் தடுக்க வலை போடுவது. 'ஏ' பிளாக் பின்னால் மூடிக் கிடக்கும் பழைய திறந்த கிணற்றைச் சுத்தம் செய்து, மாடி மழையை அதற்குள் விடுவது. இருக்கிற போரில் மோட்டாரை ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட்டாமல், இடைவெளி விட்டு விட்டு ஓட்டுவது. கடைசியாகச் சொன்னது நம்முடைய சிரட்டை. செலவே இல்லாதது.

அத்துடன் உப்பு அளக்கும் டி.டி.எஸ். கருவி ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை போர்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவோம். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், சரியாகச் செய்வார்கள். அடுத்த மழைக்குப் பிறகும் எண்கள் இறங்கவில்லை என்றால், அப்போது போர் பற்றிப் பேசலாம். நானே முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

கோடி தீர்த்தத்துத் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்து வந்து பூஜை அறையில் வைப்பது வழக்கம். வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூடிக் கிடக்கும் அந்தப் பின்பக்கக் கிணற்றையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். 22 தீர்த்தங்களையும் காத்தது அங்கே தினமும் யாரோ ஒருவர் கவனித்ததுதான். நம் கிணற்றுக்கு அந்த யாரோ ஒருவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

பயணம் நல்லபடியாக அமையட்டும். உச்சிப்புளி வரும்போது என்னை எழுப்புங்கள். எங்கள் ஊர் எந்தத் திசை என்று காட்டுகிறேன்.